பட்டா உங்களுடையது, சோலை?

ஊட்டிக்குப் பக்கத்தில் உங்களுக்குப் பத்து ஏக்கர் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (கற்பனைதானே, செலவில்லை!) பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. பள்ளத்தில் பழைய சோலை, சரிவில் புல்வெளி. சோலையில் ஒரு மரத்தை வெட்டலாமா?

இஷ்டப்படி வெட்ட முடியாது. 1955-ஆம் வருஷத்து மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அதற்கென உள்ள குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு முன்பே, 1949-இல், தனியார் காடுகளுக்கென்றே ஒரு சட்டம் பிறந்துவிட்டது. அதில் அடங்கிய காட்டை அனுமதியில்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோகூட முடியாது.

"என் நிலத்துக்கு இத்தனை கட்டா?" என்று கோபம் வருகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அங்கே பெய்யும் மழை உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. சோலையும் புல்லும் அதைப் பஞ்சுபோல் உறிஞ்சி, சிறுகச் சிறுக ஓடையில் விடுகின்றன. குந்தா, குன்னூர் ஆறுகளும் மாயாறும் பவானியில்தான் கலக்கின்றன. கோபிச்செட்டிபாளையத்து நெல்வயலுக்கு ஊற்றுக்கண் உங்கள் மலையில் இருக்கிறது!

அமெரிக்காவில் வேறொரு வழி உண்டு. "இந்தக் காட்டை அழிக்கமாட்டேன், எனக்குப் பின் வாங்குகிறவரும் அழிக்கக்கூடாது" என்று சொந்தக்காரரே மனமுவந்து, ஓர் அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதித் தருகிறார். நிலம் அவரிடமே இருக்கும். வரிச் சலுகையும் கிடைக்கலாம். நமது 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டமோ ஒரு நிலத்தின் நன்மைக்காக மற்றொரு நிலத்தின் மேலுள்ள வழி, தண்ணீர், வெளிச்சம் போன்ற உரிமைகளையே அறியும். அங்கே நிலமில்லாத சங்கத்துக்கு அது உதவாது.

ஆனால், சட்டமானாலும் பத்திரமானாலும் கோடரியைத்தான் தடுக்கும், சோலையை வளர்க்காது. அது உங்கள் வேலை. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம் புல்வெளியை விழுங்கியிருந்தால், உரிய அனுமதியோடு அதை அகற்ற வேண்டும். அகற்றினால் மட்டும் போதாது. மண்ணில் பல வருஷங்கள் உறங்கும் விதைகள் மீண்டும் முளைக்கும். வருஷா வருஷம் பிடுங்க வேண்டும்.

புல் இருந்த இடத்தில் மரம் நடுவது புண்ணியம் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே புல்லையே நடுங்கள். சோலை ஓரத்தில் மட்டும் நாவல், காட்டுப்பூவரசு போன்ற நாட்டுக் கன்றுகளை வையுங்கள்.

சோலை மரம் மெதுவாக வளரும். அதன் முழு நிழலில் உட்காரப் போவது உங்கள் பேரன்தான். அன்று பவானிக் கரையில் யாரோ ஓர் உழவர், உங்கள் பெயரே தெரியாமல், மடை திறந்துகொண்டிருப்பார். அதைவிட நல்ல பட்டா வேறு உண்டா?