முதலையைக் கட்டும் முறை

மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. முரட்டுக் காளைக்கு மூக்கணாங்கயிறிட்டு வசப்படுத்துவது இப்பக்கத்து மிராசுதார்களும் குடியானவர்களும் நன்கறிந்த வேலையே. ஆனால் தென்பெண்ணையில் சாத்தனூர் அணையருகிலும், காவேரிக் கரையில் ஒகேனக்கல்லிலும் வளர்க்கப்படும் முதலைகளிடம் அம்முறை செல்லாது. காளை களைத்தால் அடங்கும். முதலையோ களைத்தால் மாளவும் கூடும்.

அதன் காரணம் யாதெனில், முதலை சிறிது நேரமே முழுப் பலத்துடன் போராட வல்லது. அப்போது தசைகளில் லாக்டிக் அமிலம் பெருகி இரத்தத்திற் கலக்கிறது. அது நீங்குவதற்கு நெடுநேரம் செல்லும். போராட்டம் நீடித்தால், கட்டவிழ்த்த பின்னரும் பிராணி இறந்துபோவதுண்டு. ஆகையால் பழகிய ஆட்கள், வெயில் ஏறுமுன், வேலையை விரைவில் முடித்தல் அவசியம்.

முதலாவது, தொட்டியின் ஜலத்தை வடித்து, மற்ற முதலைகளைப் பிரித்துவிட வேண்டும். பின்பு தூரத்தில் நின்றே கழுத்தில் சுருக்குக் கயிறிட்டு, நனைந்த கோணியால் கண்களை மறைத்தால் பிராணி பெரும்பாலும் அமைதியடையும். தலைவன் சொல்லியவுடன் கழுத்து, நடுவுடல், இடுப்பு ஆகியவற்றின்மேல் ஆட்கள் ஒருங்கே அமர்ந்து அழுத்த வேண்டும். வாலடி கை கால்களை முறிக்கவல்லது, அதை மறத்தலாகாது. வாயை மூடும் தசைகள் மிக வலியவை. திறக்கும் தசைகளோ பலமற்றவை. ஆதலின் மூடிய வாயை ரப்பர்ப் பட்டையாற் சுற்றிக் கட்டினாற் போதும். மூக்குத் துவாரங்கள் மாத்திரம் மறையலாகாது. கால்களை உடலோடு பின்னோக்கிக் கட்டிப் பலகையில் ஏற்றலாம். விடுவிக்கும்போது கால்கட்டை முதலிலும், வாய்க்கட்டையும் கண்மறைப்பையும் கடைசியிலும் நீக்கிப் பின்புறமாய் விலகவேண்டும்.

இம்முறை பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதலையைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் குற்றம். ஏரியிலாவது வாய்க்காலிலாவது முதலை காணப்பட்டால், கிராம அதிகாரிகள் உடனே வன இலாகாவுக்குத் தெரிவித்து, ஜனங்களையும் கால்நடைகளையும் கரையினின்று விலக்குவாராக. கல்லெறிந்து துரத்த இடங்கொடுக்கலாகாது. இலாகா ஆட்கள் வருமுன்னரே களைப்புற்ற முதலையை, எவ்வளவு திறமையாய்க் கட்டினும் பிழைப்பித்தல் அரிது.