நாய்க்கு உரியவர் யார்?

மனிதன் பழக்கிய விலங்குகளுள் முதன்மையானது நாய் என்பர் ஆராய்ச்சியாளர். வேட்டைக்குத் துணையாக வந்த அப்பிராணி, மந்தைக்குக் காவலாகிப் பின்னர் வீட்டு முற்றத்திலும் இடம்பெற்றது. இவ்வுறவு பல்லாயிரம் ஆண்டுப் பழைமையுடையது. ஆயினும், இன்னாருடைய நாய் இன்ன இடத்தில் உள்ளதென்று ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் மிகவும் பிந்தியதாகும். இலங்கையில் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம், நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் அதனைப் பதிவு செய்தல் வேண்டுமென விதித்தது. நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் இதனை அறியாதார் பலர்; அறிந்தவர்களுள்ளும், ஏழையிடம் சில ரூபாய்களைப் பறிப்பதற்கான மற்றுமொரு வரியே இதுவெனக் கருதுவோர் பலர். அக்கருத்துச் சரிதானா என்பது சிந்தித்தற்குரியது.

மஸ்கெலியாப் பகுதியின் தேயிலைத் தோட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துக் காம்பராக்கள். அவற்றின் முன்னே ஒரு வாசல். அந்த வாசலில் படுத்திருக்கும் நாய்கள் நான்கைந்து. ஒரு வீட்டில் மிஞ்சிய சோறு, மறுவீட்டில் ரொட்டித் துண்டு என்று அவை எல்லோர் கையிலும் உண்டு வளர்கின்றன. இரவில் சிறுத்தையோ அந்நியரோ வந்தாற் குரைத்து அறிவிக்கின்றன. ‘இது யாருடைய நாய்?’ என்று கேட்டால், ‘லயத்து நாய்’ என்பதே விடையாகும். அன்பினால் நோக்கின் அது அழகிய விடைதான். ஆனால் அந்நாய் ஒரு குழந்தையைக் கடித்துவிட்ட அன்றைக்கு, அவ்விடை போதாது.

வெறிநாய் நோய் அல்லது விசர்நாய் நோய் எனப்படுவது, நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் உள்ள வைரசினால் உண்டாவது. கடிவாயின் வழியே உட்புகும் அவ்வைரசு, நரம்புகளைப் பற்றி மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகர்கின்றது. இப்பயணம் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கும். முகத்திலோ தலையிலோ கடிபட்டால் காலம் குறுகும். உயரம் குறைந்த குழந்தைகள் பேராபத்துக்கு உள்ளாவது இதனாலேயே. நோயின் குறிகள் தோன்றிய பின்னர் மரணம் ஏறத்தாழ நிச்சயம். ஆனால் குறிகள் தோன்றுமுன் ஊசி ஏற்றினால் உயிரைக் காத்துவிடலாம். 1885ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர், வெறிநாயாற் கடியுண்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் சிறுவனுக்கு ஊசியேற்றிக் காட்டிய வழி அதுவே. ஆகவே கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் வரை கழுவித் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் காத்திருத்தல் கூடாது.

வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, கடித்த நாய் எங்கே என்பது. கடித்த நாள் தொடக்கம் 14 நாட்கள் வரை அதனைக் கட்டிவைத்துக் கவனிப்பது முறை. அக்காலம் முழுவதும் அது நலமாக இருப்பின், கடித்தபோது அதன் உமிழ்நீரில் வைரசு இருந்ததில்லை என்று கொள்ளலாம். உரியவர் தெரிந்த நாயை இவ்வாறு கவனிக்கலாம். அதற்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டதா என்றும் அறியலாம். ஊர் நாயாயின் யார் அதனைப் பிடிப்பார்? யார் கட்டிவைப்பார்? பதிவேட்டிலுள்ள ஒரு வரி, அவ்வேளையில் ஒரு குழந்தையின் உயிரோடு தொடர்புடையதாகின்றது.

தனி ஒருவரின் நன்மையோடு இது முடிவதுமன்று. ஓரிடத்து நாய்களுள் 100க்கு 70 தடுப்பூசி பெற்றிருந்தால், நோய் அவ்விடத்திற் பரவ இயலாது தளர்ந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நாய்கள் எத்தனை என்று தெரியாவிடத்தில் எழுபதைக் கணக்கிடுவது எங்ஙனம்? குட்டிகள் ஆண்டுதோறும் பிறப்பதால் ஊசியும் ஆண்டுதோறும் வேண்டும், பதிவும் அவ்வாறே. ஆதலின் இவ்விரண்டும் இணைந்தே செல்ல வேண்டியவை. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் இயக்கம் வலுப்பெற்றதன் பயனாக, அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ முப்பதுக்குள் அடங்கியுள்ளது. எனினும், தடுக்கக்கூடிய மரணம் ஒன்றாயினும் அது மிகையே.

முற்காலத்தில் தெருநாய்களைக் கொல்வதே தடுப்பு முறையெனக் கருதப்பட்டது. கொன்று வெறிதாக்கிய இடத்தில் ஊசி பெறாத புதிய நாய்கள் வந்து சேர்ந்தனவேயன்றி, நோய் ஒழியவில்லை. 2006ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் கொல்லும் முறையைக் கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் மேற்கொண்டது. எனவே, பதிவு என்றதும் நாயைப் பிடித்துச் செல்வார்களோ என்று அஞ்ச வேண்டுவதில்லை.

தோட்ட மக்களுக்கு உள்ளூராட்சி மன்றம் நெடுங்காலம் எட்டாத ஒன்றாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அம்பகமுவப் பிரதேச சபைக்கு உட்பட்டிருந்த மஸ்கெலியாவுக்குத் தனிச் சபை அமைந்ததும் அவ்வாண்டுத் தேர்தலோடுதான். லயத்தில் வாழும் ஒருவர் அச்சபையின் ஏட்டில் தம் பெயரையும் தம் நாயையும் எழுதுவிக்கும்போது, கடமையை நிறைவேற்றுவதோடு, ‘எங்கள் தோட்டத்துக்கும் தடுப்பூசி முகாம் வேண்டும்’ என்று கேட்கும் உரிமையையும் வலுப்படுத்துகின்றார்.

பூனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நாயையே குறிப்பிடுகின்றது. ஆனால் வெறிநோய் பூனையையும் பற்றும். பூனையின் கடியாலும் பரவும். காட்டோரத்துத் தோட்டங்களில் கீரி போன்ற பிராணிகளோடு பொருதி வரும் பூனைக்கு ஊசி மிகவும் அவசியம். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் முதல் வளர்ப்புப் பூனைகளுக்கும் அனுமதிப்பத்திரம் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. பூனையின் பொறுப்பையும் ஒருவர் ஏற்றல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

லயத்து நாய் எல்லோருடைய சோற்றையும் உண்ணலாம்; அதில் தவறில்லை. ஆனால் அதன் பெயருக்கு எதிரே ஒரு மனிதரின் பெயர் இருத்தல் வேண்டும். லயத்தார் கூடிப் பேசி, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு குடும்பம் பொறுப்பேற்றுக்கொண்டால், ஊசி போட வருவோர்க்கு வாசலில் நின்று விடை சொல்ல ஒருவர் இருப்பார். பிள்ளைக் காம்பராவிலிருந்து மாலையில் வீடு திரும்பும் குழந்தைகளுக்கு, அதுவே பெரிய காவலாகும்.