வழி காட்டும் கருவியும் வாசல் காக்கும் பொறுப்பும்



புதிய ஊருக்குச் செல்பவர், பேருந்தை விட்டு இறங்கியதும் முன்னாளில் முதலில் தேடியது ஒரு பெட்டிக்கடையைத்தான். "இன்னார் வீடு எங்கே இருக்கிறது?" என்று வினவினால், "நேரே போய் ஆலமரத்தடியில் திரும்புங்கள், மூன்றாவது வீடு" என்று விடை கிடைக்கும். ஆனால் கடைக்காரர் உடனே சொல்லிவிடமாட்டார். "நீங்கள் யார்? எந்த ஊர்? என்ன காரியமாக வந்தீர்கள்?" என்று கேட்டு, வந்தவரின் முகத்தைப் பார்த்து, மனம் நிறைவு பெற்ற பின்னரே கை நீட்டுவார். வழி சொன்ன அதே வாய், அவ்வீட்டுக்குக் காவலாகவும் நின்றது.

இன்று அந்தக் கேள்வியை நாம் கைப்பேசியிடம் கேட்கின்றோம். அது எவரிடமும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அது எவ்வாறு வழி அறிகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டே செல்கிறது. குறைந்தது நான்கு கோள்களின் அறிவிப்புகள் வந்து சேரும் நேரத்தை ஒப்பிட்டுக் கைப்பேசி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. பொதுமக்களுக்குரிய அறிவிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே இக்கருவி தெருவுக்குத் தெரு வழி சொல்லும் துல்லியத்தைப் பெற்றது.

சாலையில் நெரிசல் என்று அது எச்சரிப்பது எப்படி? அச்சாலையில் செல்வோரின் கைப்பேசிகள் ஊர்ந்து நகர்வதைக் கொண்டே அறிகிறது. ஆக, வழி கேட்கும் நாமே, நம்மை அறியாமல் அதற்குச் செய்தி தருபவர்களாகவும் இருக்கின்றோம்.

நிற்க. வரைபடத்தில் கோடாக இருந்த தெருவைக் கண்முன் காட்சியாகவே நிறுத்தியது கூகுள் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் வியூ'. கூரைமேல் பல காமிராக்களைப் பொருத்திய கார் தெருத்தெருவாகச் செல்லும். நாற்புறமும் எடுத்த படங்களைக் கணினி ஒன்றாக இணைக்கும். 2007 மே மாதத்தில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் வேகாஸ், மயாமி, டென்வர் ஆகிய ஐந்து அமெரிக்க நகரங்களில் இது தொடங்கிற்று. சக்கர நாற்காலியில் செல்பவர், தாம் போகவேண்டிய மருத்துவமனையின் வாயிலில் படிகள் உண்டா என்பதை வீட்டிலிருந்தே கண்டுகொள்ளலாம். இது சிறிய நன்மையன்று.

ஆயினும் தெரு பொதுவானது. தெருவில் உள்ள வீடு பொதுவானதா? இவ்வினாவை மக்கள் அன்றே எழுப்பினர். ஆகவே 2008 முதல் மனித முகங்களைக் கணினியே மங்கலாக்கத் தொடங்கிற்று. 2010-இல் ஜெர்மனியின் 20 நகரங்களில் இக்காட்சிகள் வெளியாகுமுன், ஏறத்தாழ 2,44,000 குடும்பத்தினர் தங்கள் வீட்டை மறைத்துவிடுமாறு கோரினர். அக்கார்கள் பூட்டப்படாத வைஃபை இணைப்புகளிலிருந்து தனிப்பட்ட செய்திகளையும் சேகரித்துவிட்டன என்பதை அதே ஆண்டில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த மக்களின் அச்சம் வீணன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நம் நாட்டிலும் இது எளிதில் நுழைந்துவிடவில்லை. 2011-இல் பெங்களூரில் நடந்த படப்பிடிப்பைக் காவல்துறை நிறுத்திற்று. 2016-இல் மத்திய அரசு பாதுகாப்பைக் கருதி அனுமதி மறுத்தது. 2021-இல் வந்த புதிய விதிகள், இத்தகைய தெருப்படங்களை எடுக்கும் உரிமையை இந்திய நிறுவனங்களுக்கே அளித்தன. அதன்படி ஜெனிசிஸ், டெக் மகிந்திரா ஆகிய நிறுவனங்கள் எடுத்த படங்களோடு, 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களின் தெருக்கள் கைப்பேசிக்குள் வந்தன.

இனி நாம் செய்யவேண்டுவது யாது? கருவியை வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமையன்று. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்பவருக்கு அது பெருந்துணை. ஆனால் கடைக்காரர் கேட்ட கேள்வியைக் கருவி கேட்காது. ஆதலால் அக்காவற்பொறுப்பு இப்போது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டின் படம் வெளியானது உங்களுக்கு உவப்பில்லையெனில், அப்படத்தின் கீழேயே அதை மங்கலாக்குமாறு கோரலாம். ஒருமுறை மங்கலாக்கினால் மீண்டும் தெளிவாக்க இயலாது என்பதையும் அறிந்தே கோருங்கள். கைப்பேசியில் எந்தெந்தச் செயலிகளுக்கு நம் இருப்பிடம் தெரிகிறது என்று பெற்றோரும் பிள்ளைகளும் ஒருநாள் மாலை கூடியமர்ந்து பாருங்கள், தேவையற்றவற்றை நிறுத்துங்கள். தனித்து வாழும் முதியவரின் வீட்டையோ, பெண்பிள்ளைகள் தங்கும் விடுதியையோ காட்டும் வரைபடக் குறிப்பு உங்களிடம் வந்தால், அதை முகமறியாதவர்க்கு அனுப்புமுன் ஒரு கணம் நில்லுங்கள்.

அந்த ஒரு கணத்தில், "நீங்கள் யார்? என்ன காரியமாக வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவன்று. பெட்டிக்கடைக்காரர் நம் தந்தையர் காலத்தில் நமக்காகச் செய்த காவல் அது.