பழைய கடைவீட்டை ஆராய்தல்

புதிய வீட்டில் குறை தென்பட்டால், சாவி பெற்ற 24 மாதங்களுக்குள் வீடமைப்பு மேம்பாட்டாளரே அதனைச் சரிசெய்து தர வேண்டும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, வாங்குமுன் கட்டட ஆய்வாளரை அழைத்துச் செல்வது நல்லது.

ஆய்வாளர் முதலில் தேடுவது ஈரத்தைத்தான். இவ்வீடுகளின் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறினாலும் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும்; உப்புப் பூக்கும்; செங்கல் பொடிந்து உதிரும். சுவரைக் காக்கப் பூசிய சிமெண்டே அதை அரிப்பது வேடிக்கைதான்! ஆய்வாளர் கருவியால் ஈரத்தை அளப்பார். பூச்சைத் தட்டி ஓசையைக் கேட்பார். பொள்ளலான ஓசை வந்தால், பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, மர உத்திரங்கள். அவற்றின் நுனி சுவருக்குள் நுழையுமிடத்தில்தான் மரம் உளுத்துப்போகும்; கரையானும் ஏறும். கூரை ஓடு, மின்கம்பி, குழாய் ஆகியவற்றையும் அவர் பார்ப்பார். ஆனால், சுவரை உடைத்துப் பார்க்கமாட்டார். ஆகவே, சில குறைகள் மறைந்தே இருக்கலாம்.

ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியத் தளமானது. அத்தளத்திலுள்ள கட்டடத்தை விருப்பம்போல் இடித்து மாற்ற இயலாது. மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை. பழுதுபார்க்கும் செலவும் கூடும். படங்களுடன் வரும் ஆய்வறிக்கையைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். வேண்டாமென்று விலகவும் செய்யலாம்.