ஆள் மாறும்... அடி மாறாது! நள்ளிரவை அதிர வைக்கும் நெல்லை கணியான் கூத்து 'செட்டு'

நெல்லை:

சுடலைமாடன் கோவில் கொடை என்றாலே நெல்லை சீமையில் தனி களைதான். பந்தல், சீரியல் லைட்டு, ஆட்டுக்கிடா, பொங்கப்பானை என்று ஊரே அமர்க்களப்படும். ஆனால் சாமக்கொடை நேரம் நெருங்கியதும் எல்லா சத்தமும் அடங்கி, ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அதுதான் மகுடம்.

ரெண்டு மகுடம் சேர்ந்து முழங்க, அண்ணாவி காதில் கை வைத்து குரல் எடுக்க, பெண் வேடம் கட்டிய ரெண்டு பேர் சலங்கை குலுங்க ஆட... எதிரே சாமி கொண்டாடிக்கு அருள் வந்து விடும். இதுதான் கணியான் கூத்து. மகுடாட்டம் என்றும் சொல்வார்கள்.

வெளிநாட்டில் 'ராக்' பேண்டு என்கிறார்களே, அதில் பெரிய கம்பெனி, டி.வி., ரேடியோ பக்கமே போகாமல் தனக்கென ஒரு ரசிகர் கூட்டத்துக்காக மட்டும் ராத்திரியில் வாசிக்கும் குழுக்களை 'அண்டர்கிரவுண்டு' பேண்டு என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் தாமிரபரணி கரையின் பழைய 'அண்டர்கிரவுண்டு' பேண்டு கணியான் கூத்துதான். சுடுகாட்டு சாமிக்கு, நடுச்சாமத்தில், ஊர் ஜனம் முன்னால் மட்டும் நடக்கிற ஆட்டம் இது.

இதில் ஒரு விசேஷம். போன வருஷம் வந்த செட்டில் இருந்த ஆட்கள் இந்த வருஷம் இருக்க மாட்டார்கள். மகுடக்காரர் மாறியிருப்பார். வேடக்காரர் மாறியிருப்பார். ஆனாலும் ஊர்க்காரர்கள் 'அதே செட்டுதான்' என்பார்கள். அது எப்படி?

செட்டில் யார் யார்?

ஒரு கணியான் கூத்து செட்டில் வழக்கமாக 6 அல்லது 7 பேர் இருப்பார்கள்.

* அண்ணாவி - இவர்தான் தலைவர். கதை முழுவதும் இவர் மனசுக்குள் இருக்கும். பாட்டு, வசனம் ரெண்டும் இவர் பொறுப்பு.

* பின்பாட்டுக்காரர் - அண்ணாவி பாடி விடும் அடியைத் தாங்கிப் பிடித்து திருப்பிப் பாடுபவர். அண்ணாவி மூச்சு வாங்குவதே இவரை நம்பித்தான்.

* மகுடக்காரர்கள் 2 பேர் - ஒருவர் கையில் உச்ச மகுடம், இன்னொருவர் கையில் மந்த மகுடம்.

* வேடக்காரர்கள் 2 பேர் - சேலை கட்டி, சலங்கை கட்டி ஆடும் ஆண்கள்.

* ஜால்ராக்காரர் - காலப்பிரமாணம் கெடாமல் பார்த்துக் கொள்பவர்.

வில்லுப்பாட்டு செட்டு உட்கார்ந்து பாடும். கணியான் செட்டு ராத்திரி முழுக்க நின்றே பாட வேண்டும். சாமியைப் பார்த்து நின்று பாடுவதுதான் முறை. ஜனங்கள் கைதட்டுகிறார்களா இல்லையா என்பது ரெண்டாம்பட்சம். சாமி இறங்குதா என்பதுதான் முதல் கேள்வி.

மகுடம் பேசும்

மகுடம் என்பது பார்வைக்கு பெரிய சல்லடை மாதிரி இருக்கும். வட்டமான மரச்சட்டத்தில் எருமைக்கன்று தோலை இழுத்து, புளியங்கொட்டை பசை போட்டு ஒட்டுவார்கள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் கொண்டு கையாலேயே அடிக்க வேண்டும். குச்சி கிடையாது.

ரெண்டு மகுடத்துக்கும் ஒரே தோல், ஒரே மரம் என்றாலும் சத்தம் ஒன்றல்ல. உச்சம் கணீர் என்று பேசும். மந்தம் தொம் என்று அடக்கி வாசிக்கும். இந்த வித்தியாசத்தைக் கொண்டு வருவது நெருப்பு. ஆட்டத்துக்கு முன்னால் ஓலையோ, வைக்கோலோ கொளுத்தி தோலைக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏற தோல் இறுகும், சத்தம் ஏறும். பனி விழும் ராத்திரியில் தோல் தளர்ந்து விடும். அதனால் நடுநடுவே மறுபடியும் காய்ச்ச வேண்டும்.

இந்த ரெண்டு பேருக்குள் ஒத்துப் போவதில்தான் செட்டின் உயிரே இருக்கிறது. உச்சம் ஓடும்போது மந்தம் நிற்க வேண்டும். மந்தம் இறங்கும்போது உச்சம் வழிவிட வேண்டும். கூட வாசிக்கிற ஆள் மாறினால் முதல் ரெண்டு கொடையிலேயே தெரிந்து விடும்.

மேலும் ஒரு பொறுப்பு உண்டு. சாமி கொண்டாடியின் கண்ணைப் பார்த்தே வேகத்தைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். எந்த ஊரில் எந்த சாமிக்கு எந்த இடத்தில் அருள் வரும் என்பது பழகிய ஆளுக்குத்தான் தெரியும். அடி தவறினால் அருள் வராது. அருள் வராவிட்டால் கொடை நிறையவில்லை என்று ஊரில் பேச்சு கிளம்பி விடும். பழி செட்டு மேல்தான் விழும்!

ரத்தம் கொடுப்பவரும் கலைஞர்தான்

கணியான் கூத்தை மற்ற எல்லா கலையில் இருந்தும் பிரிப்பது 'கைவெட்டு'. விரதம் இருந்து காப்பு கட்டிய கணியான், கொடையின் உச்சக்கட்டத்தில் தன் கையைக் கீறி சில சொட்டு ரத்தத்தை சாமிக்கு கொடுப்பார். வேறு யாரும் செய்ய முடியாத சடங்கு இது.

அதனால்தான் இந்த செட்டில் வெளியாட்களை சுலபமாக சேர்த்துவிட முடிவதில்லை. மெல்லிசைக் கச்சேரிக்கு டிரம்ஸ் வாசிப்பவர் வரவில்லை என்றால் வேறு கம்பெனியில் இருந்து ஆள் பிடிக்கலாம். இங்கே அப்படி நடக்காது. பாட்டும், அடியும், சடங்கும் அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கு, மாமாவிடம் இருந்து மருமகனுக்கு என்று சொந்தத்துக்குள்ளேயே வந்தது. கணியான் சமூகம் தமிழ்நாட்டு பழங்குடியினர் பட்டியலில் உள்ளது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் சிறு சமூகம்.

அப்புறம் ஏன் ஆள் மாறுகிறார்கள்?

கொடை சீசன்தான் காரணம். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரே செவ்வாய், ஒரே வெள்ளியில் பத்து ஊரில் கொடை வரும். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் வாங்குவது அண்ணாவி. அந்த தேதிக்கு ஆள் சேர்ப்பதும் அவர் பாடுதான். அவருடைய வழக்கமான மகுடக்காரர் சித்தப்பா மகன் செட்டில் ஏற்கனவே ஒத்துக்கொண்டிருப்பார். வேடக்காரர் ஒருவர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருப்பார். கடைசியில் யார் கிடைக்கிறாரோ அவரை வைத்து கொடையை முடிக்க வேண்டும்.

காசு பிரிப்பதில் மனஸ்தாபம், சீசன் நடுவில் உடம்பு சரியில்லாமல் போவது, பழகிய சிஷ்யர் தனி செட்டு போடுவது என்று மற்ற காரணங்களும் உண்டு. மழைக்காலம் வந்தால் கொடை இல்லை. அப்போது எல்லோரும் கூலி வேலை, வயக்காட்டு வேலை என்று பிரிந்து போவார்கள். அடுத்த பங்குனியில் மறுபடி கூடும்போது யார் வருவார், யார் வரமாட்டார் என்பது அந்தந்த வீட்டு நிலைமையைப் பொறுத்தது.

ஆனாலும் செட்டின் பெயர் அண்ணாவி பெயரிலேயே ஓடும். அவர் இருக்கும் வரை செட்டு இருக்கும். அவர் படுத்து விட்டால் செட்டு கலைந்து விடும். கதை முழுசாகத் தெரிந்த பின்பாட்டுக்காரர் யாராவது இருந்தால் மட்டும் அதே செட்டு புது பெயரில் கிளம்பும்.

உலகம் பூரா இதே கதைதான்

இங்கிலாந்தில் 1968-ல் தொடங்கிய 'டீப் பர்ப்பிள்' என்ற ராக் பேண்டில் பாடகர், கிடார்காரர் என்று பல பேர் வந்தார்கள், போனார்கள். ரசிகர்கள் 'மார்க் 1', 'மார்க் 2' என்று நம்பர் போட்டே கணக்கு வைக்கிறார்கள். எல்லா நம்பரிலும் இருந்த ஒரே ஆள் டிரம்ஸ் வாசிக்கும் இயான் பெய்ஸ் மட்டும்தான்.

டெல்லியில் 1990-ல் தொடங்கிய 'இண்டியன் ஓஷன்' பேண்டில், தொடங்கிய இருவரில் தபேலா வாசித்துப் பாடிய அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் காலமானார். கிடார் வாசித்த சுஷ்மித் சென் 2013-ல் விலகினார். பேண்டு நிற்கவில்லை. புது ஆட்களோடு தொடர்ந்தது.

சென்னையில் டைரக்டர் பா.ரஞ்சித் முயற்சியில் உருவாகி 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா, ராப், ராக் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. அதில் பாடிய அறிவு, இசைவாணி போன்றவர்கள் பிறகு தனித்தனியாகவும் பெயர் வாங்கினார்கள்.

ஒரு வித்தியாசம் என்னவென்றால், அந்த பேண்டுகள் எல்லாவற்றுக்கும் ரெக்கார்டு இருக்கிறது. ஆள் போனாலும் பாட்டு கேசட்டில், சி.டி.யில், செல்போனில் இருக்கும். புதுசாக வருபவர் அதைக் கேட்டுப் படித்துக் கொள்ளலாம். கணியான் செட்டுக்கு ரெக்கார்டு என்பது அண்ணாவியின் நெஞ்சுதான். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாலும் வரி மட்டும்தான் இருக்கும். ராகமும் அடியும் ஆளோடு போய்விடும்.

வில்லுக்கு கிடைத்தது, மகுடத்துக்கு கிடைக்கவில்லை

இதே மண்ணின் இன்னொரு கலையான வில்லுப்பாட்டுக்கு வெளியுலக வாசல் திறந்தது. நெல்லை அருகே சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தை கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துப் போனார். காந்தி கதை தொடங்கி எத்தனையோ கதைகளை வில்லில் பாடி, ரேடியோவிலும் மேடையிலும் கொண்டு சேர்த்தார் அவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022 அக்டோபர் 10-ல் காலமானார். அவருடைய குடும்பத்தார் வில்லைக் கீழே வைக்கவில்லை.

மகுடம் அப்படி மேடை ஏறவில்லை. சாமி, சுடுகாடு, ரத்தம் என்று இருந்ததால் கோவில் வாசலைத் தாண்டவில்லை. அரசு கலை விழாக்களில் எப்போதாவது அரை மணி நேரம் ஆட விடுவார்கள். ராத்திரி முழுக்க பாட வேண்டிய கதையை அரை மணியில் எப்படிச் சொல்வது? அடியை மட்டும் காட்டி விட்டு இறங்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கதைகள் லேசுப்பட்டவை அல்ல. சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை, முத்துப்பட்டன் கதை எல்லாம் இந்த மண்ணின் வரலாறு. அந்தணர் வீட்டில் பிறந்த முத்துப்பட்டன், தோல் தொழில் செய்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டி, தானும் செருப்புத் தைத்து, மாடு பிடிக்க வந்த கூட்டத்தோடு சண்டை போட்டு செத்துப் போன கதை அது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாக நிற்பது அவர்தான். இன்றைக்கும் அங்கே செருப்பு காணிக்கை செலுத்துகிறார்கள்.

நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா.வானமாமலை இந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் அந்தணப் பெண்கள் என்று மாற்றிப் பாடும் வடிவமும் பின்னால் வந்து சேர்ந்தது. பாடுகிற ஆள் மாறும்போது கதையும் மாறுகிறது, மாற்றச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. முழுக்கதை தெரிந்த அண்ணாவி ஒருவர் போனால், அவர் பாடிய வடிவமும் அவரோடு போகிறது.

10 மணிக்கு மேல் மைக் இல்லை

இப்போது செட்டுகளுக்கு வந்திருக்கும் சோதனைகள் பல. 2000-ம் ஆண்டு ஒலி மாசு தடுப்பு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கத் தடை. திருவிழாவுக்காக வருஷத்தில் சில நாட்கள் மட்டும் நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு கொடுக்கலாம். சாமக்கொடையோ தொடங்குவதே 12 மணிக்குத்தான்! மைக் இல்லாமல் விடிய விடிய பாட இப்போது குரல் உள்ளவர்கள் குறைவு.

அடுத்தது கொரோனா. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது பங்குனி கொடை சீசன். 2021 மே மாதம் இரண்டாவது முழு ஊரடங்கு வந்தபோது சித்திரை, வைகாசி கொடை சீசன். அடுத்தடுத்து ரெண்டு வருஷம் அச்சாரம் வாங்கிய கொடைகள் நின்று போயின. அப்போது வேறு வேலைக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு.

பெண் வேடம் கட்டும் கலைஞர்கள் நிலைமையும் பரிதாபம்தான். 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகனின் அப்பாவாக, பெண் வேடமிட்டு ஆடும் கலைஞராக நடித்தவர் நெல்லை தங்கராசு. நிஜத்திலும் அவர் கூத்துக் கலைஞர்தான். படம் பார்த்து அழுதவர்கள் ஏராளம். ஆனால் அவர் வறுமையில் இருப்பது செய்தியான பிறகுதான் உதவிகள் தேடி வந்தன. 2023 பிப்ரவரியில் அவர் காலமானார்.

உதவி பெற என்ன வழி?

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு தமிழக அரசு நல வாரியம் வைத்துள்ளது. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் நெல்லையிலேயே உள்ளது. நலிந்த கலைஞர்களுக்கு மாத நிதியுதவி திட்டமும் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. செட்டுக்கு உதவி கிடையாது, ஆளுக்குத்தான். அண்ணாவி பெயர் பதிந்திருந்தால் மகுடக்காரருக்கும் சேர்ந்து விடாது. பெயர் போஸ்டரில் வராத பின்பாட்டுக்காரர், ஜால்ராக்காரர், வேடக்காரர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிந்து கொள்ள வேண்டும். ஒரு சீசனில் மூன்று செட்டில் ஆடினாலும், கலைஞர் என்பதற்கு அவர் கையில் அத்தாட்சி இருக்காது. கொடை நடத்தும் ஊர்க்கமிட்டிகள் நோட்டீசில் அண்ணாவி பெயரோடு மற்ற 6 பேர் பெயரையும் சேர்த்து அச்சடித்தால், அதுவே பின்னால் ஆதாரமாக உதவும். செலவு ஒன்றும் கூடிவிடாது. நாலு வரிதான்.