கால் இஞ்சு ஃப்ளேர் நட்டும் வெற்றிடமும்

சித்திரை வெயிலில் திருமங்கலத்து வீடுகளுக்கு ஏசி மாட்ட வரும் மெக்கானிக்கின் கையைச் சற்று நின்று கவனியுங்கள். செம்புக் குழாயின் வாயை 45 பாகையில் புனல்போல விரிப்பார். பித்தளை ஃப்ளேர் நட்டை இறுக்குவார். சின்னப் பம்பை ஓடவிட்டு ‘வேக்கம்’ போடுவார். காற்று மட்டுமா போகிறது? ஈரமும் போகிறது. அழுத்தம் 42 மில்லிபாருக்குக் கீழே இறங்கினால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும்!

வீட்டில் வெற்றிடச் சோதனை செய்ய ஆசைப்படுகிறவர் தொடங்குவதற்கு அந்தப் பம்பும் அந்த நட்டும் போதும். வெற்றிடத்துக்கென்றே செய்யப்படும் கேஎஃப் இணைப்புகள் விலை கூடியவை. ஃப்ளேர் மூட்டில் ரப்பரும் கிடையாது, டேப்பும் கிடையாது. மென்மையான செம்பு பித்தளைமேல் நசுங்கி உட்கார்ந்து வழியை அடைத்துவிடுகிறது.

தண்ணீர்க் குழாய்ச் சாமான்களை அப்படி நம்ப முடியாது. மேல்தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டும் சிந்தாத மூட்டு வெற்றிடத்தில் கசியும். மிக நுண்ணிய இடுக்கில் தண்ணீரை அதன் பரப்பு இழுவிசையே பிடித்துவைக்கும்; காற்றுக்கு அந்தத் தடை இல்லை. டெஃப்லான் டேப் சுற்றினாலும், மரையின் பள்ளத்தில் சிறைப்பட்ட காற்று மணிக்கணக்கில் உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும். வெளியில் ஓட்டையே இருக்காது. சோப்பு நுரை தடவித் தேடினாலும் அகப்படாது. கசிவுகளில் மிகப் பொல்லாதது இதுதான் என்பேன்.

ஃப்ளேர் நட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் துளை சிறியது; அழுத்தம் மிகக் குறையும்போது அதுவே தடையாகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோதாமல் போகும் தூரம் மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மில்லிபாரில் ஆயிரத்தில் ஒரு பங்காக அழுத்தம் குறைந்தால் அதே தூரம் சுமார் 7 செ.மீ. ஆகிவிடுகிறது! அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. எந்தப் பம்பாலும் அவற்றை இழுக்கவும் முடியாது. குழாய்ச் சுவரில் மோதி மோதி, தற்செயலாகப் பம்பின் வாய்க்கு வந்தால்தான் உண்டு. அந்த நிலையில் நீளக் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் காற்று வெளியேறும் அளவு எட்டில் ஒன்றாகிவிடும்.

அவ்வளவு ஆழம் போக விரும்பினால் பால் பதப்படுத்தும் ஆலைகளில் புழங்கும் துருவேறா எஃகுக் கிளாம்ப் இணைப்பைத் தேடலாம். இரண்டு விளிம்புகள், நடுவே ஒரு வளையம், மேலே ஒரு கவ்வி. கேஎஃப் இணைப்பும் ஏறக்குறைய இதே அமைப்புதான். நன்றாகச் சூடேறும் இடத்தில் மட்டும் பித்தளை வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகி உள்ளே படியும்.

வெற்றிடப் பாத்திரத்தின் மூடியில் கவனமாக இருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள மூடியை வளிமண்டலம் சுமார் 320 கிலோ கனத்தோடு அழுத்தும். ஆறு சிமெண்ட் மூட்டைகளுக்கும் மேல்! சாதாரணக் கண்ணாடி பாட்டில் எதையும் பம்பில் மாட்டாதீர்கள். தடித்த எஃகுப் பாத்திரத்தையே எடுங்கள், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.