10 கிலோவாட் சரி, எத்தனை யூனிட்?

தேக்காவில் தேநீருக்கு உட்கார்ந்தபோது நண்பர் ஒரு தாளை நீட்டினார். தம் தரைவீட்டுக் கூரையில் 10 கிலோவாட் சூரியத் தகடுகள் போட அவருக்கு ஆசை. ஆண்டுக்கு 16,000 யூனிட் வரும் என்று விற்பனையாளர் எழுதிக் கொடுத்திருந்தார். “ஊர்ல எங்கண்ணன் வீட்டுல ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் வருதாம். அப்படிப் பார்த்தாலும் பதினாலாயிரத்துச் சொச்சம் வரணுமே?” என்றார்.

அதே தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். 10 கிலோவாட் அமைப்பு இரவு பகல் பாராமல் முழுத் திறனில் ஓடினால் 87,600 யூனிட். உண்மையில் வரும் யூனிட்டை இந்த எண்ணால் வகுத்தால் வரும் விழுக்காடுதான் கொள்திறன் காரணி. சிங்கப்பூரில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு 12,000, அதாவது 13.7 விழுக்காடு. விற்பனையாளரின் கணக்கோ 18.3 விழுக்காடு. நம் கூரைகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி? வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் இங்கே மேகமும் திரள்கிறது. நாளுக்குச் சராசரி 3.3 யூனிட்தான், ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. சூடும் ஒரு காரணம். தகட்டின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் அளந்துதான் ஒட்டுவில்லையில் போடுகிறார்கள். நம் கூரையில் நண்பகலில் தகடு 55 டிகிரியைத் தாண்டும். பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். 2021 ஜூலையில் திறக்கப்பட்ட தெங்கே நீர்த்தேக்க மிதக்கும் பண்ணைக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. நீரின் குளிர்ச்சியால் மிதக்கும் தகடுகள் கூரைத் தகடுகளைவிட 5 முதல் 15 விழுக்காடு கூடுதலாகத் தருவது முன்னோடிச் சோதனையில் தெரியவந்தது. 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட அந்தப் பண்ணையும் இரவில் தூங்கத்தான் செய்கிறது.

இன்னொரு சூட்சுமம். தகடுகள் 10 கிலோவாட், இன்வெர்ட்டர் 8 கிலோவாட் என்று வையுங்கள். அதே 12,000 யூனிட்டை 8 கிலோவாட்டின் கணக்கால் வகுத்தால் 17.1 விழுக்காடு! யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஏமாந்துவிட்டோம். எந்தக் கிலோவாட்டால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

‘25 ஆண்டு உத்தரவாதம்’ என்பதையும் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது சோதனைக்கூட நிலையில் தகட்டின் திறன் எவ்வளவு குறையலாம் என்பதற்கான உறுதிமொழி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்து யூனிட் குறைந்தால் அது கைகொடுக்காது. லிட்டில் இந்தியா கடைவீட்டுக்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல்: ஒட்டி நிற்கும் உயரமான கட்டடங்கள் ஒருபுறம், 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால் கூரையில் கைவைக்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்க வேண்டியது மறுபுறம். வீவக அடுக்குமாடியில் இருப்போருக்கு இந்தத் தலைவலியே இல்லை, கூரை நம்முடையதல்ல.

சரி, ஏமாந்த பிறகு? வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் விற்பனைப் பேச்சு, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டப்படி நியாயமற்ற செயல். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டப்படி, பொருளைப் பெற்ற 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது முதலிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள், அதுவும் நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். ஒன்று: இந்த இரு பாதுகாப்புகளும் வீட்டுப் பயனீட்டாளருக்கானவை. முழுக்க வியாபாரத்துக்காக வாங்கும் கடைக்காரருக்கு ஒப்பந்தத்தில் எழுதியதே துணை.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் சமரசம் பேசித் தரும். படியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. அங்கே “அவர் வாயால் சொன்னார்” என்பது எடுபடுவது கடினம், தாள்தான் பேசும்.

ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைக் கேட்டு வாங்குங்கள்: முதலாண்டில் எத்தனை யூனிட், குறைந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு ஈடு, அளப்பது எந்த மீட்டர். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். போட்ட பிறகு மாதத்தின் முதல் நாளில் மீட்டரைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நடுவர் மன்றத்துக்குப் போக உங்களுக்கு இருப்பது 2 ஆண்டு. அதில் ஓராண்டு, யூனிட் குறைகிறதா என்று பார்ப்பதிலேயே போய்விடும்.